இறங்கியவள் ஏற வேண்டும்

சண்டைக் காலம். இரவில் விளக்கு எரியக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு. அதனால் நூம்பல் திரௌபதியம்மன் திருவிழாவில் அந்த வருஷம் நாடகமும் தீமிதியும் பகலிலேயே நடந்தன. ஒரு பக்கம் குழியில் கட்டைகள் எரிந்து கனலாகிக்கொண்டிருந்தன. மறுபக்கம் துலுக்கானத்தின் குழு சித்தூர் ராணி கதையை நடத்தியது. சுல்தான் ஆசைப்பட்ட ராணி, அவன் கையில் சிக்காமல் தீயில் இறங்கி மாண்ட கதை. ராஜபுத்திரர் நாடு எந்தத் திசை என்று ஊரில் யாருக்கும் தெரியாது. சித்தூர் தெரியும், பூந்தமல்லி ரோட்டில் மேற்கே போனால் வந்துவிடும். ஆகவே ராணி நம் பக்கத்துப் பெண் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

ராணியாக ஆடிய சாமுண்டீஸ்வரிக்கு அன்று ஆட்டத்தில் மனம் செல்லவில்லை. நாடகம் முடிந்ததும் அவளைத் தன் வீட்டுக்கு அனுப்பும்படி மிராசுதார் பரந்தாமன் சொல்லியிருந்தார். அவர் மனைவி வரலட்சுமி கோயிலில் இருக்கும் நேரம். துலுக்கானமும் தலையாட்டிவிட்டான், மறுத்தால் இந்த வட்டாரத்தில் குழுவுக்கு மேடை கிடையாது. பின்னால் வில்வண்டி தயாராக நின்றது. அவளுக்கு அருவருப்பாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

சிவப்புத் துணிக்கும் சாம்பிராணிப் புகைக்கும் பின்னால் ராணி மறைந்தாள். துலுக்கானம் மங்களம் பாடினான். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

தீமிதிக்குக் காப்புக் கட்டியிருந்த முனியம்மா கேட்டாள்: "எறங்கனவ இன்னும் ஏறி வர்லியே. அதுக்குள்ள இன்னாத்துக்கு மங்களம்?"

ராணி வெந்துபோனாள், கதையே அவ்வளவுதான் என்றான் துலுக்கானம். ஊர் ஒப்பவில்லை. திரௌபதி ஏறி வந்தாள், வருஷா வருஷம் நாமும் ஏறி வருகிறோம், ஏறாதவளிடம் ஏதோ குற்றம் இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். மானத்துக்காக உயிரை விட்டவளுக்கு நூம்பலில் மானமும் போய்க்கொண்டிருந்தது.

மறைவில் நின்ற சாமுண்டீஸ்வரிக்குக் கோபம் வந்தது. ராணிக்காகவா, தனக்காகவா என்று பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. காக்காப்பொன் கிரீடத்தோடு கீழே வந்து முனியம்மாவிடம் கையை நீட்டினாள்.

"எனுக்கும் காப்புக் கட்டு."

பூசாரி கரகத்தோடு முன்னே போக, அவள் கனலில் இறங்கி நடந்தாள். கால் சுடவில்லை என்று எழுத எனக்கு மனமில்லை, நன்றாகவே சுட்டது. நிற்காமல் நடந்து மறுபக்கம் ஏறினாள். பெண்கள் ஓடிவந்து காலில் விழுந்தார்கள்.

வண்டிக்காரன் வந்து தலையைச் சொறிந்தான். அவள் அவனை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தாள்.

"மிராசுதாரு தன் ஊட்டுக்கு வரச் சொல்லிகீறாரு. எல்லாரும் வாங்க."

பம்பை முழங்க ஊரே கிளம்பியது. வரலட்சுமி மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு முன்னால் ஓடினாள். அவள் எல்லாம் புரிந்தவளா, ஒன்றும் புரியாதவளா என்பது கடைசிவரை ஊருக்குப் பிடிபடவில்லை. பரந்தாமன் சலவை வேட்டியும் ஜவ்வாது வாசனையுமாகக் கதவைத் திறந்தார். அவர் கையில் வரலட்சுமி செம்பைக் கொடுத்தாள்.

"நீங்களே ஊத்தி இவங்க காலக் கழுவுங்க. கூப்ட்டது நீங்கதானே."