இடுப்பில் ஒட்டுக்கிண்ணம்

என் தங்கை டிரில் மே மாதம் முழுக்க நாளுக்கொரு கடல்மாந்தரை வரைந்து இணையத்தில் போட்டாள். மீன்வால் ஒட்டிய அழகிகளை அவளுக்குப் பிடிக்காது. குளிர்ந்த கடலில் இருக்கிறவர்களுக்கு ஒல்லிக் கழுத்து இருந்தால் விறைத்தே செத்துப்போவார்கள் என்பாள். அவளுடைய ஆட்கள் உருண்டையானவர்கள். கக்கத்தில் செவுள். அலை இழுத்துப்போகாமல் பாறையைப் பற்றிக்கொள்ள உடம்பின் முன்பக்கம் வட்டமாக ஓர் ஒட்டுக்கிண்ணம். முட்டைகளைக் காப்பது அப்பன்தான். அந்த நாட்களில் அவன் செங்கல் நிறமாகிவிடுவான்.

நான் பெர்கன் நகரத்தில் பிசியோதெரபிஸ்ட். முதலில் அவள் கிண்ணத்தை நெஞ்சில்தான் வைத்திருந்தாள். இழுவையெல்லாம் விலாவில் விழும், மூச்சுவிட முடியாது, இடுப்பெலும்புக்கு இறக்கு என்றேன்.

"உன்கிட்ட வைத்தியத்துக்கு வரப்போறானா அவன்?" என்று முறைத்தாள். ஆனாலும் நாலு நாள் உட்கார்ந்து எலும்புக்கூட்டையே மாற்றி வரைந்தாள்.

ஒரு பதிப்பகம் அந்தப் படங்களைப் புத்தகமாகப் போட ஒப்புக்கொண்டது. அடுத்த வாரமே யாரோ ஒருவர், ஓலெசுண்டு ஊர்க்காரர் ஹால்வார் என்பவர் இரண்டு வருடம் முன்பு வரைந்த படத்தையும் இவள் படத்தையும் இணையத்தில் அருகருகே போட்டு, திருட்டு என்று எழுதிவிட்டார். அதே உருண்டை உடம்பு, ஒட்டுக்கிண்ணம், முட்டைமேல் கவிந்த சிவப்பு அப்பன். பதிப்பகம் விளக்கம் கேட்டது.

அந்தப் படத்தை டிரில் பார்த்ததே இல்லை. ஆனால் மூன்றாம் நாள் சமையலறையில் என்னிடம் கேட்டாள்: "அக்கா, ஒருவேள பாத்துட்டு மறந்திருப்பேனோ?"

ஊர் சொல்வதை அவளே நம்ப ஆரம்பித்திருந்தாள். ஹால்வாருக்கே நேராக எழுது என்று நச்சரித்தேன். எழுதினாள். நான்கு நாள் பதில் இல்லை. சாப்பாடும் இறங்கவில்லை அவளுக்கு.

ஐந்தாம் நாள் காலை அவரே அழைத்தார். வடக்கே மீன்பிடிப் படகில் இருந்தாராம், இப்போதுதான் கரையேறினாராம். டிரில் போனை மேசையில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"நீங்க ரொங்ஷெக்ஸ் மீனப் பாத்துதானே வரஞ்சீங்க?" என்றார் அவர்.

ஆமாம் என்றாள். மீன்காட்சியகத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்தக் குண்டு மீன்.

"நானும் அதத்தான் பாத்தேன். செவந்துபோயி முட்டைக்குக் காவலிருக்குறது அதோட ஆம்பளதான். அது உங்க சொத்துமில்ல, எஞ்சொத்துமில்லீங்க."

டிரில் நாற்காலியில் உட்கார்ந்தாள். அதுவரை நின்றுகொண்டே இருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவருக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது. மீனுக்கு இருப்பதுபோல அவர் கிண்ணத்தை நெஞ்சில்தான் வைத்திருந்தார். இவளுடையது மட்டும் ஏன் இடுப்பில்? டிரில் விலாவையும் மூச்சையும் விளக்கினாள்.

"அப்ப எங்காளு ரெண்டு வருசமா மூச்சு முட்டிக்கிட்டா கெடக்கான்?" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். டிரில்லும் சிரித்தாள். சிரிப்பு கொஞ்சம் அழுகையாக மாறியது, மறுபடியும் சிரிப்பானது. அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

மாலைக்குள் ஹால்வார் இரண்டு படங்களையும் தன் இணையப் பக்கத்தில் போட்டு, ஒரே மீனைப் பார்த்து இரண்டு பேர் வரைந்தது, இதில் திருட்டு எங்கே என்று எழுதினார். பதிப்பகம் வேலையைத் தொடரச் சொன்னது. குற்றம் சாட்டியவர் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்காமல் பதிவை நீக்கிவிட்டார். டிரில் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்து ஐந்து துண்டு ரொட்டி தின்றாள். எனக்கென்று நான் வெட்டியதையும் எடுத்துக்கொண்டு, முட்டையிட்ட கடல் அம்மாக்காரிக்கு எத்தனை விலா போடலாம் என்று கேட்டாள்.