யாரும் எடுத்துக்கொள்ளாத விமானம்

எல்லைக்கோட்டுக்கு நேர் மேலே, முப்பத்தோராயிரம் அடி உயரத்தில், காலை விமானம் நின்றுபோனது. பழுது எதுவும் இல்லை. இறக்கைகள் இருந்தன, இஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன, கேப்டனும் நல்ல சுகத்தோடுதான் இருந்தார். அதை எடுத்துக்கொள்ள ஆளில்லை, அவ்வளவுதான். இந்தப் பக்கத்துக் கட்டுப்பாட்டு அறை விட்டுவிட்டது, அந்தப் பக்கத்துக் கட்டுப்பாட்டு அறை வாங்கிக்கொள்ளவில்லை. முன்னே போக அனுமதி தர ஒருவரும் இல்லாததால் போகவில்லை. கீழே இறங்கவும் அனுமதி வேண்டும் என்பதால் விழவும் இல்லை. சட்டத்துக்குக் கட்டுப்பட்ட விமானம் அது.

வழக்கமாக இது பெரிய வேலை அல்ல. விமானம் எல்லையை நெருங்கும்போது அனுப்புகிறவர் நேரடித் தொலைபேசியை எடுத்து உயரத்தையும் வேகத்தையும் சொல்வார், அடுத்த பக்கத்துக்காரர் “எடுத்துக்கிட்டேன்” என்பார், விமானம் கைமாறிவிடும். ஆனால் அந்த வாரம் இரண்டு அரசுகளுக்கும் மனக்கசப்பு. எதற்கென்று இன்று இரண்டு பக்கத்துக்கும் ஞாபகம் இல்லை. ஒரே காலையில் இரண்டு அறைகளுக்கும் சுற்றறிக்கை வந்தது: இனி முதலில் அவர்கள் பேசட்டும், அவர்கள் பேசினால் நாமும் பேசலாம். ஆகவே இருவரும் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். வாசலில் நின்று ‘வாங்க’ என்ற ஒரு சொல்லுக்குக் காத்திருக்கும் விருந்தாளி மாதிரி விமானமும் காத்திருந்தது.

இந்தப் பக்கம் தொலைபேசியைப் பிடித்திருந்தவளை அலுவலகத்தில் நிதானம் என்று கூப்பிடுவார்கள். ஐந்து விமானங்கள் ஒரே நேரத்தில் கத்தினாலும் குரலை உயர்த்தாதவள் என்பதால் வந்த பெயர். அந்த நிதானமெல்லாம் அலுவலக நாற்காலியோடு சரி. அன்று காலைதான் வீட்டில் ஒரு யுத்தத்தை முடித்துவிட்டு வந்திருந்தாள். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்து மாடிப்படியெல்லாம் ஆறாக ஓடியிருந்தது. மோட்டாரைப் போட்டுவிட்டு அணைக்காமல் விட்டது யார் என்பது கேள்வி. சுவிட்சை எந்தப் புண்ணியவானோ மொட்டைமாடிக் கதவுக்குப் பக்கத்தில் பொருத்தியிருந்தான், அணைக்க வேண்டுமென்றால் மேலே ஏற வேண்டும். நீதான் என்றார் வீட்டுக்காரர். நீங்கதான் என்றாள் அவள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ‘போயிட்டு வரேன்’ என்றுகூடச் சொல்லாமல், இரண்டு நாள் வேலையாக அக்கரை நகரத்துக்குக் கிளம்பிப் போனார். போன விமானம்தான் நின்றுவிட்டது.

அவள் நெஞ்சு அடித்துக்கொண்டதா என்றால், அடித்துக்கொண்டது. ஆனால் கேப்டன் ரேடியோவில், “மேடம், உங்க வீட்டுக்காரர் இங்கதான் முதல் வரிசையில உக்காந்திருக்கார், ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்டபோது, “அவருக்குச் சொல்லணும்னு தோணினா சொல்லட்டும்” என்றாள். கேப்டன் போய் விசாரித்துவிட்டு வந்தார். “அவங்க முதல்ல பேசட்டும்னு சொல்றார்.” அவர்கள் இருவருக்கும் சுற்றறிக்கைகூடத் தேவைப்படவில்லை.

இப்படி நான்கு வருடம் ஓடியது. இரண்டு நாடுகளின் கடிகாரங்களுக்கும் அரைமணி வித்தியாசம் உண்டு. விமானம் நடுக்கோட்டில் நின்றதால் எந்தக் கடிகாரமும் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மேலே அது ஒரே நீண்ட முற்பகலாக இருந்தது. எரிபொருள் முள் அசையவில்லை, கோப்பையில் ஊற்றிய தேநீர் ஆறவில்லை, முன்வரிசைக் குழந்தை அழ ஆரம்பித்த அழுகையை முடிக்கவில்லை. மற்ற விமானங்கள் கடல் வழியாகச் சுற்றிப் போயின. முதல் மாதம் ஊரே அண்ணாந்து பார்த்தது. இரண்டாம் வருடம் வானிலை அறிக்கையில் ‘விமானத்துக்குத் தெற்கே லேசான மழை’ என்று சொல்லத் தொடங்கினார்கள். பெரிய அதிகாரிகள் எல்லை ஆற்றுப் பாலத்தின் நடுவில் நாற்காலி போட்டு மூன்று முறை சந்தித்தார்கள். யார் முதலில் வணக்கம் சொல்வது என்று முடிவாகாததால் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார்கள்.

நேரடித் தொலைபேசியை மட்டும் யாரும் கழற்றவில்லை. அந்தப் பக்கத்துக்காரருக்குத் தொண்டையைச் செருமும் பழக்கம் உண்டு, அதனால் நிதானம் அவருக்கு இருமல் என்று பெயர் வைத்திருந்தாள். பதினோரு வருடம் குரலில் மட்டும் பழகிய மனிதர். இப்போது பேசக் கூடாது. ஆனால் இருமக் கூடாது என்று சுற்றறிக்கையில் இல்லை. பணிக்கு வந்ததும் அவர் ஒரு முறை இருமுவார், அவள் பேனாவால் மேசையைத் தட்டுவாள். அவர் மகளுக்குக் காய்ச்சல் வந்த வாரத்தை இருமலிலேயே அவள் கண்டுபிடித்தாள்.

கேப்டன் நல்ல தூதராகிப்போனார். கேஸ் சிலிண்டர் சொல்லியாச்சான்னு கேக்கறார் என்பார். அது அவருக்கு எதுக்குன்னு கேளுங்க என்பாள் அவள். பால்கனிக் கதவு இன்னும் மாட்டுதான்னு கேக்கறார். தச்சரைக் கூப்பிட்டு எப்பவோ சரிபண்ணியாச்சுன்னு சொல்லுங்க. இந்தப் பேச்செல்லாம் ரேடியோவில் போனதால் எல்லைக்கு அந்தப் பக்கமும் கேட்டது. இருமல் இதற்காகவே பணி நேரத்தை மாற்றிக்கொண்டார் என்று பேச்சு.

நிதானம் மட்டும் துணி காயப்போடும் சாக்கில் தினமும் மொட்டைமாடிக்குப் போவாள். மேற்கே ஒரு வெள்ளைப் புள்ளி மினுங்கும். அதைப் பார்த்துத் திட்டுவாள். திட்டி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் நிற்பாள். கட்டிலில் அவர் படுக்கிற பக்கத்தை நான்கு வருடமாக அவள் கலைக்கவில்லை. இதை யாரிடமும் சொன்னதும் இல்லை.

நான்காம் வருடக் கடைசியில் ஒரு நாள் கேப்டன் தயங்கித் தயங்கிப் பேசினார். “மேடம், சன்னல் வழியா பாத்தா ஒரு மொட்டைமாடியில யாரோ நிமிந்து நிமிந்து பாக்கற மாதிரி தெரியுதாம். அது நீங்களான்னு கேக்கறார்.”

அறையில் இருந்த மேலதிகாரி, அவள் குரல் உடைந்ததை அன்றுதான் முதல்முறை கேட்டார். “நான்தான்னு சொல்லுங்க. மோட்டாரை விட்டதும் நான்தான்னே வெச்சுக்கச் சொல்லுங்க. வீட்டுக்கு வரச் சொல்லுங்க.” சொல்லிவிட்டு நேரடித் தொலைபேசியை எடுத்தாள். சுற்றறிக்கை, வேலை, ஓய்வூதியம் எல்லாம் ஒரு கணம் கண்முன் வந்து போயின. “விமானத்தை நாங்க எடுத்துக்கிட்டோம்” என்றாள். அதே நொடியில், ரேடியோவில் எல்லாவற்றையும் கேட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த இருமலும், மனம் பொறுக்காமல், “விமானத்தை நாங்க எடுத்துக்கிட்டோம்” என்று சொல்லிவிட்டார்.

நான்கு வருடம் சட்டத்தை மதித்த விமானம் இரண்டு உத்தரவுக்கும் கீழ்ப்படிந்தது. இங்கேயும் இறங்கியது, அங்கேயும் இறங்கியது. பயணிகள் அத்தனை பேரும் இங்கே வந்தார்கள், அத்தனை பேரும் அங்கேயும் போனார்கள். பெட்டிகள் மட்டும் எப்போதும்போலப் பாதி இங்கே, பாதி அங்கே. முதலில் பேசியது எதிரிதான் என்று இரண்டு அரசுகளும் வெற்றியைக் கொண்டாடி, சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்றன.

அவளைவிட மூன்று வயது மூத்தவராக ஏறிய வீட்டுக்காரர் ஒரு வயது இளையவராக வீட்டுக்கு வந்தார். பெட்டி இல்லை. “இளைச்சிட்ட” என்றார். “வயசாயிடுச்சு” என்றாள் அவள். மோட்டாரைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, திரும்பும் பயணச்சீட்டு கைவசம் இருந்ததால், அங்கே இறங்கியவர் வேலையை முடித்துக்கொண்டு விமானம் ஏறினார். நிதானம்தான் பணியில் இருந்தாள். இருமல் ஒரு முறை செருமிவிட்டு, உயரத்தையும் வேகத்தையும் சொல்லிவிட்டு, “உங்க இன்னொருத்தரும் இதுல இருக்கார். எடுத்துக்கறீங்களா?” என்று கேட்டார். வீட்டில் ஒருவர் இருக்கிறாரே என்று அவள் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. நிறுத்தி வைத்தால் என்ன ஆகும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும். “எடுத்துக்கிட்டேன்” என்றாள், அவர் கேட்டு முடிப்பதற்குள். சாயங்காலம் பெட்டியோடு வந்து சேர்ந்தார்.

ஊரில் எல்லோருக்கும் இது சீக்கிரமே பழகிவிட்டது. தையல்காரர் ஒரே அளவில் இரண்டு சட்டை தைக்கிறார். கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டில் வந்தது. இருவரும் நல்லவர்கள்தான், ஒருவரை ஒருவர் ‘சார்’ என்று கூப்பிட்டுக்கொள்கிறார்கள். ஒரே ஒரு சிக்கல், தொட்டி இப்போது தினமும் வழிகிறது. ஒருவர் மோட்டாரைப் போடுகிறார், அவர் அணைத்திருப்பார் என்று இவர் இருக்கிறார், இவர் அணைத்திருப்பார் என்று அவர் இருக்கிறார். படியில் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டதும் நிதானம், “யார் விட்டது?” என்பாள். “சார்தான்” என்று இருவரும் சேர்ந்து சொல்வார்கள். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மாடியேறி சுவிட்சை அணைப்பாள். பழக்கதோஷத்தில் மேற்கே ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பாள். வானத்தில் ஒன்றும் இருக்காது. கீழே இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டே துணிகளை எடுத்து மடிப்பாள்.