இருட்டறைக் கதவின் தேனீ

வெயில் வந்தது.

மலைக்கும் மேகத்துக்கும் நடுவே ஒரு கிழிசல். அதன் வழியே சரிந்த வெயில், ஈரச் சுவரில் பட்டு, பாசியைப் பளிச்சென்று பச்சையாக்கி, ஒரு பழைய கதவின் மேல் வந்து நின்றது. ஏழு நிமிடம் நிற்கும். எட்டாவது நிமிடம் மறுபடியும் சாரல்.

ஆனி முழுக்க இப்படித்தான். சாரல். வெயில். சாரல். அந்தத் தாலுகா ஆஸ்பத்திரியில் அந்த ஏழு நிமிடத்துக்காகவே காலையில் எழுந்து வந்தவள் உலகம்மை.

உலகம்மை எக்ஸ்ரே எடுப்பவள். நாற்பத்து நான்கு வயது. இருபது வருடமாக வாயில் அதே சொற்கள். மூச்சை இழுங்க. பிடிங்க. அசையாதீங்க. அவள் சொன்னால் எல்லாரும் கேட்பார்கள். கால் முறிந்து கத்துகிறவன்கூட அந்த ஒரு நொடி சிலையாகிவிடுவான்.

கேட்காதது அந்தத் தேனீ ஒன்றுதான்.

ஃபிலிம் கழுவுகிற காலம் போய் ஆறு வருடம். எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் இருந்த இருட்டறையைப் பூட்டினார்கள், சாவியைத் தொலைத்தார்கள், மறந்தார்கள். அந்தக் கதவின் சாவித் துவாரத்துக்குள்தான் அது குடிவந்திருந்தது. கறுப்பு உடம்பு, வயிற்றின் அடியில் மட்டும் நெருப்பு நிறம். முற்றத்துக் காகிதப்பூச் செடியில் உட்கார்ந்து, இலையை வட்டமாக நறுக்கி, உடம்போடு அணைத்துச் சுருட்டிக்கொண்டு பறந்து வரும். இலைவெட்டித் தேனீ.

வரும். நுழையும். இலையை உள்ளே ஒட்டும். போகும். அதற்கு ஒரு நொடி போதும். அவளுக்கு அந்த ஒரு நொடி போதவில்லை.

கைப்பேசியில் கவ்வவைத்த சின்ன லென்ஸ். சுவரில் ஊன்றிய முழங்கை. தன் மூச்சைத் தானே பிடித்துக்கொள்வாள். அழுத்துவாள். பார்த்தால் வெறும் துவாரம். அழுத்துவாள். பச்சையாக ஒரு தீற்றல். அழுத்துவாள். கதவின் மரவரி துல்லியமாக, ஒவ்வொரு கீறலும் தெளிவாக, தேனீ மட்டும் புகையாக.

முந்நூற்றுப் பத்துப் படம். ஒன்றுகூட உருப்படியில்லை.

பெங்களூரில் நிரஞ்சன் என்று ஒரு ஆய்வாளர். நேரில் பார்த்ததில்லை. காட்டுத் தேனீக்களையும் குளவிகளையும் படம் பிடிக்கிறவர்கள் கூடும் ஒரு இணையக் குழுவில் பழக்கம். உங்கள் பகுதியில் யாரும் இதுவரை பதிவு செய்யாத இனமாக இருக்கலாம், முகம் தெளிவாகத் தெரிந்தால் உங்கள் பெயரிலேயே பட்டியலில் ஏற்றலாம் என்று எழுதியிருந்தார்.

உங்கள் பெயரில். அந்த இரண்டு சொல்லை அவள் பல தடவை படித்தாள். இருபது வருடம் ஊர் எலும்பையெல்லாம் படமெடுத்தவள். ஒரு படத்திலும் அவள் பெயர் கிடையாது. எலும்பு நோயாளியுடையது. கையெழுத்து டாக்டருடையது.

ஒரு வாரம் வெயிலே இல்லை. அடுத்த வாரம் வெயில் வந்தபோதெல்லாம் வரிசையில் ஆள் நின்றது. அதற்கடுத்த வாரம் தேனீயின் இறக்கை நுனிகள் கந்தலாகத் தொடங்கின. பறந்து பறந்து தேய்கிற இறக்கை. அதற்கு இன்னும் எத்தனை நாள் என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் குழம்பு அடிப்பிடித்தது. கணவர் என்னவென்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று எரிந்து விழுந்தாள். அப்புறம் பாத்திரத்தைத் தேய்தேய் என்று தேய்த்தாள்.

வியாழக்கிழமை. வெயில். தேனீ துவாரத்துக்குள் இருந்தது. இந்தத் தடவை அவள் கையில் கைப்பேசி இல்லை. மூடியோடு ஒரு சாம்பிள் டப்பா.

துவாரத்தின் வாயில் டப்பாவைப் பொருத்தி, தேனீ அதற்குள் வந்ததும் மூடினாள். ரீங்காரம் டப்பாவின் பிளாஸ்டிக் வழியாக விரலுக்கு ஏறியது.

குளிரில் கொஞ்ச நேரம் வைத்தால் தேனீ அசையாமல் உட்காரும், படமெடுத்ததும் வெயிலில் விட்டால் பறந்துவிடும் என்று குழுவில் யாரோ எழுதியிருந்தார்கள். லேபிலிருந்த பழைய ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் கால்மணி நேரம் வைத்தாள். வெளியே எடுத்து மூடியைத் தளர்த்தியதுமே அது சிலிர்த்துக்கொண்டு டப்பாவைச் சுற்றியது. கைப்பேசியில் மறுபடி புகை. அவள் பல்லைக் கடித்தாள். மேல்தட்டில், ஐஸ் உறைகிற அறைக்குள் வைத்தாள். ஐந்து நிமிடம். ஐந்தே நிமிடம்.

மூன்றாவது நிமிடத்தில் மாடத்தி ஓடிவந்தாள். வார்டுக்கும் முற்றத்துக்கும் பெருக்கித் துடைக்கிறவள்.

"மேடம், ஷேர் ஆட்டோ கவுந்துட்டு. ஆறு பேரு. டாக்டர் உடனே வரச் சொல்லுதாவ."

ஆறு பேர். ஒரு கிழவரின் இடுப்பு. ஒரு பெண்ணின் தோள்பட்டை எலும்பு, நடுவில் இரண்டாக. மூச்சை இழுங்க. பிடிங்க. அசையாதீங்க. ஒரு முழங்கை. ஒரு கணுக்கால். மூச்சை இழுங்க. சுவர்க் கடிகாரம் அவள் முதுகுக்குப் பின்னால் ஓடியது.

மறக்கவில்லை. அதுதான் பிறகு அவளை அறுத்தது. மறந்திருந்தால் மறதி என்று சொல்லிக்கொள்ளலாம். கணுக்காலுக்கும் விலா எலும்புக்கும் நடுவே நினைத்தாள். மாடத்தி வாசலில்தான் நின்றாள், கையில் துணியோடு. ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் என்னவென்று சொல்வது? ஐஸ் பெட்டியில் தேனீ இருக்கிறது, போய் எடு என்றா? இரத்தமும் அழுகையுமாக ஆட்கள் கிடக்கும்போதா? நாக்கு நுனிவரை வந்ததை அவள் விழுங்கினாள்.

அடுத்தவங்களை வரச்சொல்லு என்று மட்டும் சொன்னாள்.

அவள் ஃப்ரிட்ஜைத் திறந்தபோது ஒரு மணி பத்து நிமிடம் போயிருந்தது.

டப்பாவின் உட்புறத்தில் பனி பூத்திருந்தது. தேனீ கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு ஒருக்களித்துக் கிடந்தது. வெயிலில் வைத்தாள். வெயில் போனது. உள்ளங்கையில் வைத்தாள். ஊதினாள். உள்ளங்கை ஈரமானது.

அப்புறம் படமெடுத்தாள்.

அசையவில்லை. ஒரு மயிரிழைகூட அசையவில்லை. முகத்தின் வெண்ரோமம், கண்ணின் அறுகோணங்கள், வயிற்றின் நெருப்பில் ஒட்டியிருந்த மகரந்தத் துகள், தேய்ந்த இறக்கையின் ஒவ்வொரு நரம்பும். முதல் அழுத்தலிலேயே விழுந்தது. அவள் வாழ்நாளில் எடுத்ததிலேயே நல்ல படம்.

அன்று மாலையே அனுப்பினாள். மறுநாள் காலையில் பதில் வந்தது. அற்புதமான படம் என்றார் நிரஞ்சன். ஆனால் தாடை மூடியிருக்கிறது, பற்களை எண்ண முடியவில்லை, பற்களை எண்ணாமல் இனத்தைச் சொல்ல முடியாது, உயிரில்லையென்றால் அதையே தபாலில் அனுப்பிவிடுங்கள் என்றார். அது இறந்த விதத்தை அவள் முழுதாக எழுதியிருந்தாள். அதற்கு அவர், நாங்களும் இப்படித்தான் சேகரிப்போம், வருத்தப்படாதீர்கள் என்று ஒரே வரி போட்டிருந்தார்.

அந்த ஒரு வரி அவளுக்குக் கோபத்தை மூட்டியது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

தீப்பெட்டியில் பஞ்சு. பஞ்சின் மேல் தேனீ. அவர் கேட்டபடி ஒரு சீட்டு. இடம், நாள், அதற்குக் கீழே சேகரித்தவர். அந்தச் சொல்லுக்கு எதிரே பேனா வெகுநேரம் நின்றது. உலகம்மை என்று எழுதினாள். அவள் பெயர்தான். கேட்டது கிடைத்தது.

பெட்டியை எடுத்துக்கொண்டு இருட்டறைப் பக்கம் போனபோது கதவில் ஒரு கறுப்புக் கோடு. எறும்பு. நிலையில் ஏறி, மரவரியைக் கடந்து, சாவித் துவாரத்துக்குள். தேனீ இலையால் கட்டிய கூட்டில், மூடாமல் விட்டுப்போன கடைசி அறைக்குள் மகரந்தம் இருக்கும். அதற்குப் பின்னால், இலைச்சுவருக்கு அப்பால், மூடிய அறைகளில் குஞ்சுகள் இருக்கும்.

கட்டு வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். காகிதப்பூச் செடியில் இலை பறித்து, துவாரத்தை அடைக்கிற அளவில் வட்டமாக வெட்டினாள். பெரிதாகப் போயிற்று. இன்னொன்று, சிறிதாகி உள்ளே விழுந்தது. இன்னொன்று, கோணல். ஒரு பூச்சி வாயால் செய்ததைக் கத்தரிக்கோலால் செய்ய முடியவில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கிழித்துக் கிழித்துப் போட்டாள்.

பின்னால் மாடத்தி வந்து நின்றது தெரியவில்லை. எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"நேத்து அதைத்தான் டப்பாவுல வெச்சிருந்தீங்களா மேடம்?"

உலகம்மை தலையசைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். டப்பா, ஐஸ், ஆறு பேர், விழுங்கிய வார்த்தை. சொல்லச் சொல்ல மாடத்தியின் முகம் சுருங்கியது.

"ஒரு வார்த்தை சொல்லிருந்தா எடுத்து வெளிய வெச்சிருப்பேனே. நான் சிரிப்பேன்னு நெனச்சீங்களாக்கும்."

உலகம்மை கிழித்துப் போட்ட இலைத் துண்டுகளைக் குனிந்து பொறுக்கினாள்.

"போன மாசம் பூச்சிமருந்து அடிக்க வந்தவனை இந்தக் கதவுப் பக்கம் விடாமத் திருப்பி அனுப்புனது யாருங்கீங்க? அது இலை கொண்டாருததை நானும் தெனமும் பாக்கேம்லா."

உலகம்மை திரும்பி அவளைப் பார்த்தாள். அதே முற்றத்தில் அதே தேனீயை, இருவரும் தனித்தனியாக, ஒரு மாதம் பார்த்திருக்கிறார்கள். எக்ஸ்ரே அறை வாசலில் யாரோ இருமினார்கள். வரிசை நீண்டிருந்தது.

மாடத்தி துணி நுனியால் எறும்புகளைத் தட்டிவிட்டாள். உலகம்மை வெட்டினாள். ஆறாவது வட்டம் துவாரத்தின் விளிம்பைப் பிடித்தது. பஞ்சுக்குச்சியால் மெல்லத் தள்ளி, அதன்மேல் இன்னொன்றை வைத்துப் பெருவிரலால் அழுத்திப் பிடித்தாள். மெதுவாக விரலை எடுத்தாள். நின்றது.

நிலையின் இடுக்கிலிருந்து ஒரு எறும்பு வந்தது. இலையைச் சுற்றி வந்து மோப்பம் பார்த்தது. ஓரத்தைக் கவ்வி இழுத்தது. இலை நெகிழ்ந்தது.

உலகம்மை மறுபடி பெருவிரலை வைத்து அழுத்தினாள். மாடத்தி செடியிலிருந்து அடுத்த இலையைக் கிள்ளி நீட்டினாள்.