எதையும் கேட்காத செயலி

இலங்கையில் போர் முடிந்த ஆண்டின் கோடையில், துர்க்கா எழுதிய கைபேசிச் செயலி தடிமன் காய்ச்சல் போல மனிதருக்கு மனிதர் தொற்றத் தொடங்கியது. முதலில் டொரன்டோவில், ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில், பிறகு பார்க்டேலில், பிறகு கடல் கடந்து வவுனியாவுக்கு அப்பால் இருந்த முகாம்களில். தொற்றியவர்களுக்கு ஒரு பொழுது உள்ளங்கை அரிக்கும், பிறகு அதில் எழுத்துத் தெரியும். அந்தக் கோடையில் நகரத்துக் குப்பை அள்ளுவோர் வேலைநிறுத்தம் செய்திருந்ததால், பலர் அரிப்புக்கு அதுதான் காரணம் என்று நினைத்தார்கள்.

துர்க்கா சிறுமியாகப் பெற்றோருடன் கனடாவுக்கு வந்தவள். அக்கா யோகராணி அதற்குள் மணமுடித்து வன்னிக்குப் போயிருந்ததால் அங்கேயே தங்கிவிட்டாள். பெற்றோர் இறந்தபின் துர்க்கா டோர்செட் பார்க் அடுக்குமாடியில் தனியாக இருந்துகொண்டு, டவுன்டவுனில் கைபேசி விளையாட்டுகள் செய்யும் சிறு நிறுவனம் ஒன்றுக்கு வேலைக்குப் போய்வந்தாள். அக்காவின் குரலைப் பங்குனி மாதத்தில் கடைசியாகக் கேட்டாள். அதன்பின் அந்தப் பக்கத்துத் தொலைபேசி இலக்கம் ஒன்றும் அடிக்கவில்லை. போரை நிறுத்தச் சொல்லித் தமிழர்கள் நகரத்தின் நடுவே தெருவில் நின்ற வாரங்களில் அவளும் வேலை முடிந்து போய் நின்றாள். அங்கே ஒவ்வொருவரும் பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு பெயரைச் சொல்லி, கண்டீர்களா, கேள்விப்பட்டீர்களா என்று விசாரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் செயலியை எழுதத் தொடங்கினாள். உயிரோடு இருப்பவர் தன் பெயரை எழுதினால், தேடுகிறவருக்குத் தெரியும். பொய்ச்செய்திகள் மலிந்திருந்த காலம் என்பதால் அவரவர் பெயரை அவரவரே எழுதவேண்டும் என்று விதி வைத்தாள். செயலிக்கு ‘எங்கை’ என்று பெயரிட்டாள், ஊர்ப் பேச்சில் ‘எங்கே’. அவளோடு வேலை செய்த சென்னைக்காரன் முரளி அதை முதலில் ‘எம் கை’ என்று படித்தான். அவள் திருத்தவில்லை.

எந்தச் செயலியும் தான் ஓடுவதற்கு என்னென்ன வேண்டும் என்று தொடக்கத்திலேயே சில வரிகளில் சொல்லிவிடும். ‘எங்கை’ கேட்டது இவ்வளவுதான்: செயலிகள் கிடைக்கும் இணையக் கடையில் ஒரு கணக்கு, இடம் காட்டும் வரைபடம், செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சேவை, ஒரு கைபேசி. டொரன்டோவில் இவை எல்லாம் தண்ணீர்க் குழாய் போல வீட்டுக்கு வீடு இருந்தன. வவுனியாவிலிருந்து அமிர்தநாதர் பேசினார். அவர் முகாம்களுக்குத் தேவாலயத்தின் சோற்றுப் பார்சல்களைக் கொண்டுபோகிறவர்.

“பிள்ளை, உது இஞ்சை திறக்குதில்லை. இந்தச் சேவை உங்கட இடத்திலை இல்லையெண்டு சொல்லிப்போட்டு மூடுது.”

துர்க்காவும் முரளியும் கடையைக் கேட்கும் வரியை எடுத்துவிட்டார்கள். அடுத்த கிழமை வரைபடத்தையும் செய்திச் சேவையையும் எடுத்தார்கள். அதன்பின் அந்தச் செயலியை யாரும் இறக்கவேண்டி இருக்கவில்லை. ஒரே மேசையில் வைத்த கைபேசிகளுக்குள் அது ஒன்றிலிருந்து மற்றதற்குப் போனது. பார்க்டேல் எமில்டா அன்ரி மருமகனின் கலியாணத்துக்குக் கொழும்புக்குப் போனவர், வவுனியாவில் அமிர்தநாதர் வீட்டில் தேநீர் குடித்து முடிப்பதற்குள் அவருடைய கைபேசிக்குத் தொற்றிவிட்டது. ஆனால் முகாமுக்குள் கைபேசி கொண்டுபோக விடவில்லை. வேலிக்கு வெளியே செயலி நின்றது, உள்ளே ஆட்கள் நின்றார்கள்.

இதைக் கேட்ட அன்று துர்க்கா மத்தியானச் சாப்பாட்டைத் திறக்கவில்லை. கடைசி வரியையும் எடுக்கப்போவதாக முரளியிடம் சொன்னாள்.

“ஃபோனே வேணாம்னா இது எதுல ஓடும், துர்க்கா?”

“தெரியாது. கேக்காமல் விட்டுப் பாப்பம்.”

எடுத்தாள். மாலையில் அவளுடைய உள்ளங்கை அரித்தது. மறுநாள் அவளிடம் தேநீர்க் கோப்பையை வாங்கிய முரளிக்கும், பஸ்ஸில் அவள் பிடித்த கம்பியைப் பிடித்தவர்களுக்கும் அரித்தது. எமில்டா அன்ரி மூலமோ வேறு யார் மூலமோ அது வவுனியாவை அடைந்தது. சோற்றுப் பார்சலோடு வேலியைக் கடந்தது. முகாமில் ஆட்கள் உள்ளங்கையில் விரலால் தங்கள் பெயரையும் தாயின் பெயரையும் எழுதினார்கள், ஸ்காபரோவில் அவை ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. துர்க்காவின் அடுக்குமாடியில் இருந்த இரத்தினவேல் தாடி மழித்துக்கொண்டிருந்தபோது மகளின் பெயர் வந்தது. பாதித் தாடியோடு ஓடிவந்து, கதவு கதவாகத் தட்டிக் கையைக் காட்டினார். வேலியில் காவலுக்கு நின்ற சிப்பாய் ஒருவனுக்கும் தொற்றியது. அவன் உள்ளங்கையில் காணாமற்போன தம்பியின் பெயர் சிங்களத்தில் வந்தது. அதன்பின் அவன் பார்சல்களைப் பிரித்துப் பார்ப்பதை விட்டுவிட்டான். குடும்ப டாக்டர்கள் முதலில் களிம்பு எழுதிக்கொடுத்தார்கள். களிம்பு பூசினால் எழுத்து மங்கியது, அதனால் ஒருவரும் பூசவில்லை.

துர்க்காவின் கையில் மட்டும் அக்காவின் பெயர் வரவில்லை. குளிப்பதற்கும் சமைப்பதற்கும் இடக்கையைப் பழக்கிக்கொண்டு வலக்கையை வெறுமனே வைத்திருந்தாள். இலைகள் உதிர்ந்து பனி தொடங்கியது. முகாம்களிலிருந்து ஆட்களை ஊர்களுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். நன்றி சொல்ல வந்தவர்கள் அவள் கையைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள். ஒருநாள் இரத்தினவேல் மனம்கேளாமல், அக்காவுக்கு, இறந்தவர்களுக்கான அந்தியேட்டிச் சடங்கைச் செய்துவிடும்படி மெதுவாகச் சொன்னார். அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு, அவர் போனபின் ஐயரின் இலக்கத்தை எடுத்தாள். பிறகு வைத்துவிட்டாள்.

தை மாதத்தில் முரளி பழைய வேலைகளை ஒழுங்குபடுத்துவதற்காகச் செயலியைத் திறந்து பார்த்தான். தொடக்கம் வெறுமையாக இருக்கவேண்டும், ஆனால் அங்கே ஒரு வரி இருந்தது. அது அவன் எழுதியதும் அல்ல, அவள் எழுதியதும் அல்ல. கைபேசி இல்லாமல் ஓடப் பழகிய செயலி, தனக்கு ஒரு கை வேண்டும் என்று தானே கேட்டு வைத்திருந்தது.

துர்க்கா அந்த வரியை வெகுநேரம் பார்த்தாள். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

“கை இல்லாத ஆக்கள் எத்தினை பேர் இருப்பினம், முரளி. நான் யோசிக்கேல்லை.”

அவன் கதிரையை அவளுக்கு விட்டுக் கொடுத்தான். அவள் அந்த வரியையும் எடுத்தாள்.

அன்று பின்னேரம் நகரம் முழுவதும் கை அரித்தது. செவியில் எழுதியவர்கள், தோளில் நாடியால் எழுதியவர்கள், கண்ணிமைக்குள் எழுதியவர்கள் என்று அதுவரை வராத பெயர்கள் வந்தன. துர்க்காவுக்கு அரித்தபோது அவள் அடுக்குமாடியின் லிஃப்டில், இரண்டு பைகளோடு நின்றாள். பைகளைக் கீழே வைத்துவிட்டுக் கையை விரித்தாள். எழுத்து கோணலாக, மிகப் பெரிதாக, சொல் சொல்லாக வந்தது.

“துர்க்கா, நான் அக்கா. ஆஸ்பத்திரியிலை இருக்கிறன். கை ரெண்டும் ஷெல்லிலை போயிட்டுது. உள்ளங்காலிலை பெருவிரலாலை எழுதிறன், எழுத்து வடிவா வராது. அழாதை. அத்தான் இல்லை. நான் இருக்கிறன்.”

லிஃப்ட் அவளுடைய மாடியில் நின்று, திறந்து, மூடி, மறுபடி கீழே போனது. ஏறியவர்கள் அவள் கையைப் பார்த்துவிட்டுப் பைகளுக்கு இடம்விட்டு நின்றார்கள். தோள்கள் குலுங்க அழுதபடியே அவள் மறுகை விரலால், அக்கா சொன்னதற்கெல்லாம் ஆமென்று, ஓம், ஓம் என எழுதிக்கொண்டிருந்தாள்.

யோகராணி கனடாவுக்கு வந்துசேர மூன்று ஆண்டுகள் எடுத்தன. விசா அதிகாரி அவளுடைய காலைப் பார்த்துவிட்டுத் தன் கையைக் காட்டினார், அவருக்கும் அப்போது தொற்றியிருந்தது. சகோதரிகள் டொரன்டோவுக்குப் பக்கத்தில் பிக்கரிங்கில் வீடு வாங்கினார்கள். யோகராணி காலால் கதவு திறக்கவும் தக்காளி நடவும் பழகினாள், ஒருவர் உதவப்போனால் கோபித்தாள். முரளி வேறு நிறுவனத்துக்குப் போனான். அவனுக்குத் தேட யாரும் இருக்கவில்லை, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் யோகராணி அவன் கைக்குத் தன் குறுக்கெழுத்துப் புதிரின் சந்தேகங்களை அனுப்பிவந்தாள்.

துர்க்கா ஒருநாள் வேலை முடிந்து ரயிலில் வந்துகொண்டிருந்தபோது கை அரித்தது. பால் முடிந்துவிட்டது, வரும்போது ஒரு பை வாங்கிவரட்டாம். பக்கத்தில் இருந்த சீனப் பெண்மணி அவள் கையை எட்டிப் பார்த்தார். தமிழ் தெரியாததால் என்ன செய்தி என்று ஆங்கிலத்தில் கேட்டார். துர்க்கா சொன்னாள். இந்தக் கிழமை ஸ்டேஷனுக்கு எதிரேயுள்ள கடையில் பால் மலிவு என்று சொல்லிவிட்டு, அவர் மறுபடி பத்திரிகையை விரித்துக்கொண்டார்.