கிணற்றில் பிணம் மிதந்தால் முதலில் என்ன செய்வீர்கள்?

அந்தக் குழாய்க் கடையில் மாப்பிள்ளைக்கு எதிரிகள் என்று வெளியிலிருந்து யாரும் வரவேண்டியதில்லை. மச்சான்கள் இருவர் இருந்தார்கள். பெரிய மச்சான் முதலாளி. சின்ன மச்சான் முதலாளியின் வாய். ஏழு வருடமாக அங்கே ஷவரும் வாஷ்பேசினும் விற்றுவந்த மாப்பிள்ளையை வாடகைக்கு எடுத்த ஏணி மாதிரிதான் இருவரும் நினைத்தார்கள். வேலை முடிந்தால் திருப்பி அனுப்பிவிடலாம்.

அனுப்ப இப்போது ஒரு காரணமும் வாய்த்திருந்தது.

கடையில் ஒவ்வொரு அட்டைப்பெட்டியின் மூலையிலும் மூன்று நான்கு எழுத்துகள் மார்க்கரால் எழுதியிருக்கும். அதுதான் அடக்க விலை. பத்து எழுத்து கொண்ட ஒரு ரகசிய வார்த்தை, ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண். வாங்குகிறவருக்கு அது வெறும் கிறுக்கல். விற்கிறவருக்கோ, பேரத்தில் எதுவரை இறங்கலாம் என்று காட்டும் எல்லைக்கல். வார்த்தை தெரிந்தவர்கள் நாலே பேர்: மச்சான்கள் இருவர், இருவருக்கும் நடுவில் பிறந்து பில் போடும் பெரியவரின் தங்கச்சி, அவளைக் கட்டிய மாப்பிள்ளை.

மூன்று வாரமாக வாடிக்கையாளர்களுக்குத் திடீரென்று ஞானம் பிறந்திருந்தது. பெட்டியைப் போனில் படம் எடுப்பார்கள். "யோசிச்சிட்டு வரேன்" என்று எதிர்க்கடைக்குப் போவார்கள். திரும்பி வந்து, அடக்க விலைக்கு மேல் மயிரிழை வைத்துக் கேட்டு, ஆணி அடித்ததுபோல் அங்கேயே நிற்பார்கள். வார்த்தை எதிர்க்கடைக்காரன் கைக்குப் போய்விட்டது என்பது பச்சைக் குழந்தைக்கும் புரிந்திருக்கும். யார் கொடுத்தது என்பதுதான் கேள்வி.

பெரியவர் அந்தக் கேள்விக்கு டிவியில் பதில் கண்டுபிடித்தார்.

வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்க்கும் தொடர் ஒன்று உண்டு. ஒரு கிராமம், ஒரு கிணறு, வாரத்துக்கு ஒரு கொலை. அதை வைத்துப் போனில் ஒரு விளையாட்டு வந்திருந்தது: 'அந்த ஊரில் நீங்கள் யார்?' பத்துக் கேள்விக்குப் பதில் சொன்னால், உங்கள் குணம் யாரோடு ஒத்துப்போகிறது என்று ஒரு படம் வரும். பெரியவருக்குப் பண்ணையார் வந்தது. மகிழ்ச்சியில் அன்றைக்கே அந்த மீசைப் படத்தைத் தன் நம்பரின் முகப்புப் படமாக வைத்துக்கொண்டார். சின்னவருக்கு இன்ஸ்பெக்டர். மாப்பிள்ளைக்கு வந்தது ஊர் ரகசியத்தையெல்லாம் காசுக்கு விற்கும் துப்பாள்.

அன்றைக்குச் சிரித்தார்கள். வார்த்தை போனதும் சிரிப்பு நின்றது.

சாப்பாட்டு நேரத்துக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கண்ணாடித் தடுப்புக்குள் இருந்த ஆபீஸ் அறைக்கு மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்கள். வெளியே வேலையாட்கள் மூன்று பேர் ஒரே ஃபிளஷ் டேங்கை முறை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்ப்பதற்கு அதைவிட நல்ல வேலை கிடைக்கவில்லை.

"கடைச் சாவியை மேஜை மேல வச்சிடுங்க மாப்பிள்ளை" என்றார் பெரியவர். "சொந்தக்காரங்களுக்குள்ள சத்தம் வேண்டாம்."

"எதுக்கு மச்சான் வைக்கணும்? நான் என்ன செஞ்சேன்?"

"அதான் போனே சொல்லிடுச்சே அத்தான்" என்றார் சின்னவர். "நாங்க ஏழு வருஷமா கண்டுபிடிக்காததை அது அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுச்சு."

"ஒரு விளையாட்டை நம்பி என்னை வெளியே போகச் சொல்றீங்களா?"

"எங்க ரெண்டு பேருக்கும் சரியாத்தானே சொல்லுச்சு! உங்களுக்கு மட்டும் தப்பாச் சொல்ல அதுக்கு உங்க மேல என்ன கோபம்?"

பில் மேஜையிலிருந்து மாப்பிள்ளையின் மனைவி எழுந்து வந்து கதவருகே நின்றாள். "அண்ணே, இவரை அனுப்புனா நானும் கிளம்புவேன். நாளைக்கு பில்லை உங்க பண்ணையார் வந்து போடட்டும்."

"நீ சும்மா இரும்மா" என்றார் பெரியவர்.

"சரி, இன்னொரு வாய்ப்பு" என்றார் சின்னவர், எலியை ஒருமுறை ஓடவிட்டுப் பிடிக்கிற பூனையின் தாராளத்தோடு. "எங்க கண்ணு முன்னாடி மறுபடியும் போடுங்க அத்தான். பாத்துடுவோம்."

மாப்பிள்ளை போனை எடுத்தார். போன தடவை உண்மையைச் சொல்லித்தான் மாட்டிக்கொண்டோம், இந்தத் தடவை முழுக்கப் பொய் என்று முடிவு செய்தார். கிணற்றில் பிணம் மிதந்தால் முதலில் என்ன செய்வீர்கள்? முன்பு 'நாலு பேரிடம் சொல்வேன்' என்று தொட்டவர், இப்போது 'கயிறு தேடுவேன்' என்பதைத் தொட்டார். பணம் நிறைந்த பை கிடைத்தால்? 'ஸ்டேஷனில் ஒப்படைப்பேன்.' இப்படியே ஒன்பது கேள்வியிலும் உத்தமராக நடந்து பத்தாவதுக்கு வந்தார். அது இப்படி இருந்தது: உங்கள் கூட்டத்துக்கு மட்டும் தெரிந்த ரகசிய வார்த்தை ஒன்றை எழுதுங்கள்.

போன முறை அவர் அதில் 'தெரியாது' என்று எழுதியிருந்தார். இப்போது 'பக்கெட்' என்று எழுதினார்.

படம் வந்தது. மறுபடியும் துப்பாள்தான். சின்னவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். மாப்பிள்ளை சிரிக்கவுமில்லை, வாடவுமில்லை. துப்பாளின் காலடியில், புல்லோடு புல்லாக, பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. விரல்களால் விரித்துப் பெரிதாக்கினார். 'பக்கெட்.'

அவர் மெதுவாக நிமிர்ந்தார். "மச்சான், பத்தாவது கேள்விக்கு நீங்க என்ன எழுதுனீங்க?"

"அது எதுக்கு இப்ப?" என்றார் பெரியவர்.

"சும்மா சொல்லுங்க."

ரகசிய வார்த்தை என்றதும் வேறு ஆளுக்கு ஆயிரம் தோன்றும். இருபது வயதிலிருந்து ஒரே வார்த்தையைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிற கடைக்காரருக்கு எது தோன்றும்?

மாப்பிள்ளை தன் போனிலேயே பெரியவரின் நம்பரை எடுத்து, முகப்புப் படத்தை விரித்தார். மீசை பெரிதானது. துண்டு பெரிதானது. செருப்பு பெரிதானது. செருப்புக்குக் கீழே பத்து எழுத்தும் வரிசை கலையாமல் நின்றன. மூன்று வாரமாக, அவர் நம்பர் வைத்திருக்கிற ஊர் மொத்தத்துக்கும் தெரியும்படி, எதிர்க்கடைக்காரன் உட்பட.

சின்னவரின் கை மேஜைமேல் அப்படியே நின்றது. வாய்க்கும் அன்று விடுமுறை.

பெரியவர் முதலில் படத்தை அழித்தார். பிறகு கதவைச் சாத்தச் சொன்னார். தங்கச்சி சாத்தவில்லை. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நடந்தது நடந்துபோச்சு. ஆளுங்களுக்கு ஒரு பதில் சொல்லணும். உங்க போன் தொலைஞ்சு, அதுல இருந்து போயிடுச்சுன்னு சொல்லிடுவோம்."

"என் போனு என் கையில இருக்கே மச்சான்."

"உங்களுக்கு இதுல என்ன குறைஞ்சிடப்போகுது? நான் முதலாளி, எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. ஞாயித்துக்கிழமை முழு லீவு எடுத்துக்கங்க."

மாப்பிள்ளை பேசாமல் நின்றார். பேரத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பவனுக்கே எதிராளி ஏற்றிக் கொடுப்பான் என்பதை அவர் கற்றதே இந்தக் கடையில்தான்.

"சாயங்காலம் ஏழு மணிக்கே வீட்டுக்குப் போகலாம்."

மாப்பிள்ளை போனைச் சட்டைப்பையில் போட்டார்.

"சரி, கடைசியாச் சொல்றேன். டைல்ஸ் பகுதி முழுக்க உங்க பொறுப்பு."

நாலு வருடமாக மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்டு, நாலு வருடமாக 'பாக்கலாம்' என்று தட்டிக்கழிக்கப்பட்டது அது. மனைவியைப் பார்த்தார். அவள் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அழுகிய தக்காளியைக் கையில் எடுத்துவிட்டவள் மாதிரி.

"இதுக்கு நான் சரின்னு சொன்னா, நாளைக்கு டைல்ஸ் பக்கம் நிக்கிறவனை இவங்க என்னன்னு கூப்பிடுவாங்க மச்சான்? கடையை வித்தவன்னுதானே?" என்றார் மாப்பிள்ளை. "திருட்டுப் பட்டத்தோட எனக்கு ஒரு சதுர அடிகூட வேண்டாம்."

அவரே வெளியே போய், "எல்லாரும் இங்க வாங்க. வார்த்தை எப்படி வெளியே போச்சுன்னு முதலாளி சொல்லப்போறார்" என்றார்.

ஃபிளஷ் டேங்குக்கு விடுதலை கிடைத்தது. மூவரும் வந்து நின்றார்கள். பெரியவர் மாப்பிள்ளையைப் பார்த்த பார்வையில் இரும்பு வால்வு துருப்பிடித்திருக்கும்.

"போன்ல ஒரு சின்னத் தப்பு" என்றார்.

"யார் போன்ல அண்ணே?" என்றாள் தங்கச்சி.

"...என் போன்ல. போங்க, வேலையைப் பாருங்க!"

அன்று பிற்பகலே புது வார்த்தை போட்டார்கள். தொள்ளாயிரம் பெட்டியிலும் பழைய எழுத்தை அடித்துப் புது எழுத்து எழுதியாக வேண்டும். பெரியவர் மார்க்கரை மாப்பிள்ளையிடம் கொடுக்கவில்லை. தரையில் வைத்துக் காலால் தள்ளினார். பிறகு தம்பியிடம், மாப்பிள்ளையின் காதில் நன்றாக விழும்படி சொன்னார்: "அவருகிட்ட வார்த்தையைச் சொல்லாதே. பெட்டிக்குப் பெட்டி எழுத்தை மட்டும் சொல்லு. எழுதட்டும்."

சின்னவர் சொல்லச் சொல்ல மாப்பிள்ளை எழுதினார். எந்தப் பெட்டிக்கு என்ன அடக்கம் என்பது ஏழு வருடமாக அவருக்குத் தலைகீழ்ப் பாடம். மூன்றாவது அலமாரியை முடிப்பதற்குள் பத்து எழுத்தும் அவருக்குள் வரிசையாக வந்து உட்கார்ந்துவிட்டன.

"அடுத்தது" என்றார் மாப்பிள்ளை.