மெல்போர்ன் எண்

செம்பாக்கம் ஏரிக்கரையில் இருள் விலகும் முன்பே வேன் வந்து நிற்கும். நான்கரை மணிக்கு அஸ்தினாபுரத்தில், ஜவுளிக்கடை மாடியில், ஹெட்செட்டை மாட்டியிருப்போம். மெல்போர்னில் அது கடை திறக்கும் நேரம். ஏசிக் குளிரில் விரல்நுனிகள் மரத்துப்போகும். ஹெட்செட் அழுத்தி அழுத்திக் காதுமடல் புண்ணாகியிருக்கும். வாஷிங் மெஷின் ஓடவில்லை என்று அங்கே யாரோ திட்டுவார்கள். இங்கே நாங்கள் மன்னிப்புக் கேட்போம்.

அவர்கள் அழைப்பது மெல்போர்ன் எண்ணை. அந்த எண்ணுக்கு அங்கே தொலைபேசி என்று ஒன்றுமில்லை. அது ஒரு கம்ப்யூட்டரில் கிடக்கிறது. முதலாளி எந்த ஊருக்குத் திருப்பிவிடுகிறாரோ அங்கே மணியடிக்கும். அழைப்பவர்களுக்கு உள்ளூர்க் கட்டணம். பக்கத்துத் தெருவோடு பேசுகிற நிம்மதி. அந்த நிம்மதிக்காகவே ஷாயிஸ்தா மூன்றாவது நாற்காலியில் சாண்ட்ரா என்ற பெயரில் உட்கார்ந்திருந்தாள்.

வேன் டிரைவர் ஹாஜா மைதீனுக்கு இரவு ஷிப்டு, காலை ஷிப்டு இரண்டும். அந்தத் திங்கட்கிழமை கேம்ப் ரோடு திருப்பத்தில் அவர் கண் அயர்ந்துவிட்டார். வேன் மின்கம்பத்தில் மோதியது. எங்களுக்குச் சிராய்ப்புகள். அவருக்குக் கால் முறிந்தது.

மறுநாள், இனி வேன் இல்லை, அவரவர் வந்து சேர வேண்டும் என்றார் முதலாளி உமேஷ்.

"விடியக்காலம் நாலு மணிக்கு எந்த பஸ்ஸு சார் கீது?" என்றான் பக்கத்து நாற்காலி லாசரஸ்.

"வண்டி வாங்கிக்கோ."

"வேன் இல்லன்னா வீட்ல என்னை அனுப்ப மாட்டாங்க சார்," என்றாள் ஷாயிஸ்தா. "மைதீன் அண்ணனையும் நீங்க போய்ப் பாக்கல."

"தூங்கினது அவன்."

"தூங்க விடாதது யாரு சார்?"

ஷாயிஸ்தா ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அவளுக்கு இந்த வேலை போனால் மிஞ்சுவது வீட்டின் நான்கு சுவர்கள்தான். அது தெரிந்துதான் வைத்தாள். ஒருவர் பின் ஒருவராக நாங்களும் வைத்தோம்.

உமேஷ் தன் அறைக்குப் போய்க் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். எங்கள் மேசைகளில் அழைப்பு விளக்குகள் அணைந்தன.

"இனி கோயம்புத்தூர் ஆபீஸ்ல எடுக்கிறாங்க," என்றார் வெளியே வந்து. "கஸ்டமருக்கு வித்தியாசமே தெரியாது. நீங்க உக்காந்துட்டே இருங்க."

உட்கார்ந்திருந்தோம். எந்த மணியும் அடிக்கவில்லை. ஏசியின் இரைச்சல் மட்டும் கேட்டது. வேலையை நிறுத்தினால் முதலாளிக்கு வலிக்கும் என்று நம்பியிருந்தோம். இந்த அறையில் நிறுத்துவதற்கென்று எதுவுமே இருக்கவில்லை.

வெகு நேரம் கழித்து ஷாயிஸ்தா எழுந்தாள். "அந்த நம்பருக்கு நாமளே போன் போட்டா யாரு எடுப்பாங்க?"

லாசரஸ்தான் முதலில் சிரித்தான்.

எதிரே இருந்த ஐஎஸ்டி பூத்துக்கு எல்லோரும் இறங்கிப் போனோம். அவள் எண்ணை அழுத்தினாள். நாங்கள் கண்ணாடிக் கதவைத் திறந்துவைத்து நெருங்கி நின்றோம். மெல்போர்ன் வழியாகக் கோயம்புத்தூரில் மணியடித்தது.

ஆங்கிலத்தில் ஒரு பெண்குரல் வணக்கம் சொல்லி, தன் பெயர் சாண்ட்ரா என்றது.

ஷாயிஸ்தா கண்ணை மூடிக்கொண்டாள். "நானும் சாண்ட்ராதாங்க. தாம்பரம் பக்கம்."

மறுமுனையும் தமிழுக்கு மாறியது. "ஏனுங்க, என்னாச்சு? அங்க ஆளு வரலீன்னு சொன்னாங்க."

வேன் நின்றுபோனதையும் ஹாஜா மைதீனின் கால் முறிந்ததையும் அவள் சொன்னாள்.

"போன மாசம் நாங்க லீவு கேட்டப்ப, முதலாளி நம்பரத் தாம்பரத்துக்குத் திருப்பிருவேன்னாருங்க. எடுக்க ஆளுங்க தயாரா இருக்காங்கன்னாரு."

"அது நாங்கதான்," என்றாள் ஷாயிஸ்தா.

அந்தக் குரல் தாழ்ந்தது.

"இதெல்லாம் ரெக்கார்டு ஆகுதுங்க."

"ஆகட்டும். அவரும் கேக்கட்டும்."

"லைன்ல இருங்க," என்றது அந்தக் குரல். பிறகு அது யாரிடமோ தமிழில் பேசிக்கொண்டு விலகிப்போனது. மேசைமேல் ஹெட்செட் வைக்கிற சின்னச் சத்தம் ஷாயிஸ்தாவின் காதில் விழுந்தது. சற்றுத் தள்ளி இன்னொன்று. அதற்கும் அப்பால் ஒன்று. அவள் ரிசீவரை எங்கள் பக்கம் நீட்டினாள்.

மாடி ஜன்னலில் உமேஷ் செல்போனைக் காதில் வைத்தபடி நின்றார். எங்களைப் பார்த்தார்.

அந்த எண்ணை அவர் இன்னும் எத்தனையோ ஊர்களுக்குத் திருப்பலாம். திருப்பட்டும். அங்கேயும் யாராவது எடுத்துத்தானே ஆக வேண்டும்.