முகாரி குடியிருந்த மாடி

முகாரி ராகம் எங்கள் மாடிக்குக் குடிவந்த பிறகுதான் ஊர் என்னைக் கவிஞன் என்று ஒப்புக்கொண்டது. பருத்த ஆள். பட்டு ஜிப்பா போட்டிருப்பார். நான் எழுத உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் நின்று முனகுவார். முனகல் காகிதத்தில் ஊறிவிடும்.

அதற்கு முன் என் கவிதைகளை என் மனைவி திலகவதி மட்டும் படித்தாள். தப்பு கண்டுபிடித்தாள். இப்போது யாரும் படிப்பதில்லை. கேட்கிறார்கள். அழுகிறார்கள்.

என் தங்கை சுகந்தி இறந்தபோது ஒரு கவிதை எழுதினேன். பஸ்ஸில் ஜன்னலோரத்துக்காக அவள் போடும் சண்டையைப் பற்றியது. சபாவில் வாசித்தேன். அரங்கமே மூக்கைச் சிந்தியது. செயலாளர் ஆராவமுதன் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"என்ன ஒரு முகாரி சார்!"

"என் தங்கச்சி பேரு காதுல விழுந்துதா?"

"தங்கச்சியா? அது எங்க வந்துது?"

அடுத்த கூட்டத்தில் சோப்புத்தூள் பாக்கெட்டின் பின்புறத்தை வாசித்தேன். இன்னும் அதிகமாக அழுதார்கள். என் மொழி முதிர்ந்துவிட்டதாக ஒரு விமர்சகர் எழுதினார்.

முகாரியைக் காலி செய்யச் சொல்ல மாடிப்படி ஏறினேன். ஏற ஏறப் படி நீண்டது. படிகளில் ரசிகர்கள் உட்கார்ந்து போண்டா தின்றார்கள். யாரும் வழிவிடவில்லை. மேலே அவர் என் வேட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"காலி பண்ணுங்க."

"நீங்கதான் கீழ குடியிருக்கீங்க. வீடு என்னுது."

"சுகந்தி கவிதையையாவது குடுங்க."

வாய்க்குள் விரலை விட்டு அதை எடுத்துக் கொடுத்தார். ஈரமாக இருந்தது. ஒரு சொல் குறைந்தது.

"அவ பேரு எங்க?"

"தாளத்துல இடிச்சுது. எடுத்துட்டேன்."

அந்த வாரம் சபாவில் பாராட்டு விழா. பொன்னாடையை முகாரிக்குப் போர்த்தினார்கள். என்னை மைக்கைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் மைக்கை என் பக்கம் திருப்பினேன்.

"சுகந்தி!" என்று கத்தினேன். தெருவில் கூப்பிடுகிற மாதிரி.

அரங்கம் முகம் சுளித்தது. "சுருதி சேரலையே சார்," என்றார் ஆராவமுதன்.

கடைசி வரிசையில் ஒருத்தி எழுந்தாள். சுகந்திதான்.

"கூப்பிட்டியாண்ணே?"

"உஷ்! உக்காரும்மா, கச்சேரி நடக்குது," என்றார்கள் சுற்றிலும்.

உட்கார்ந்தாள். முகாரி பாடத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் அவளும் மற்றவர்களோடு சேர்ந்து அழுதாள்.